ஒத்த வயர்ல 64 மைக் ஓடுது, கடிகாரத்த யாரு பாத்துக்குறா?

கச்சேரி மேடையில இருந்து, எல்லா மைக் சத்தத்தையும் கலக்குற மிக்சருக்கு முன்னெல்லாம் மலைப்பாம்பு கணக்கா தடியா ஒரு கேபிள் போகும், இப்ப ஒத்த நெட்வொர்க் வயர்தான் போகுது, அதுல எப்படிங்க 64 மைக்கும் ஓடுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார்.

கணக்கு சின்னதுதான். மைக்கெல்லாம் சொருகுற மேடைப் பெட்டி ஒவ்வொரு மைக்கையும் நொடிக்கு 48,000 தடவ அளந்து 24 பிட் எண்ணா மாத்துது, அந்த ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். ஒரு மைக்குக்கு நொடிக்கு 1.152 மெகாபிட், 64க்கு சுமார் 74. நொடிக்கு ஆயிரம் மெகாபிட் தாங்குற கிகாபிட் வயருக்கு இதெல்லாம் ஜுஜுபி.

தலைவலி நேரத்துலதான். மேடைப் பெட்டில கடிகாரமா ஒரு குவார்ட்ஸ் படிகம், மிக்சர்ல இன்னொண்ணு, ரெண்டுமே 48,000ன்னு சொன்னாலும் வேகத்துல பத்து லட்சத்துக்கு 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே நொடிக்கு 2.4 சாம்பிள் இடிக்கும், சாம்பிளெல்லாம் காத்திருக்குற பஃபர் ஒண்ணு வழியும் இல்ல காலியாகும், ஸ்பீக்கர்ல டிக் டிக்னு கேக்கும்.

இதுக்கு பிடிபின்னு (Precision Time Protocol), நெட்வொர்க் வழியாவே கடிகாரங்கள ஒத்துப்போக வைக்கிற ஒரு வழி இருக்கு பாருங்க, அழகுன்னா அப்படி ஒரு அழகு. தலைமைக் கடிகாரம் "மணி 100"னு அனுப்புது, அது வந்து சேரும்போது உங்க பெட்டில மணி 117. வித்தியாசம் 17, ஆனா இதுல வழியில ஆன நேரம் எவ்ளோ, உங்க கடிகாரம் முந்துனது எவ்ளோன்னு பிரிக்க முடியாது. அதனால உங்க பெட்டி 130ல பதில் அனுப்புது, அங்க போய் சேந்தப்ப தலைமைல மணி 123. இப்ப வித்தியாசம் மைனஸ் 7. ரெண்டையும் கூட்டி பாதியாக்குனா 5, அது வழி. கழிச்சு பாதியாக்குனா 12, உங்க கடிகாரம் அவ்ளோ முந்திருக்கு. அவ்ளோதான், பள்ளிக்கூட அல்ஜீப்ரா! இத விடாம செஞ்சு படிகத்தோட வேகத்த நைசா திருத்திக்கிட்டே இருந்தா பெட்டிங்களுக்குள்ள வித்தியாசம் ஒரு மைக்ரோநொடிக்கும் கீழ நிக்கும், ஒரு சாம்பிளோ சுமார் 21 மைக்ரோநொடி.

இந்த பிடிபிய வச்சு ஓடுற, நெட்வொர்க் வயர்ல சத்தத்த அனுப்புற டான்டேங்கிற தொழில்நுட்பம், ஆஸ்திரேலியாவுல அரசு காசுல நடந்த நிக்டா ஆராய்ச்சில இருந்து வந்தது, 2006ல ஆடினேட்னு கம்பெனியாச்சு. அரசு ஆராய்ச்சிக்கு காசு எதுக்குன்னு கேக்குறவங்க இத கொஞ்சம் பாக்கணும். இன்னொரு பக்கம், சத்தம் "இனிமையா" வரும்னு ஆயிரக்கணக்குல குடுத்து நெட்வொர்க் கேபிள் வாங்குறாங்க, ராசிக்கல் மோதிரத்துக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல, வயர்ல போற தகவல் பொட்டலம், அதான் பாக்கெட், கெட்டுப்போனா வயர்கள இணைக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சே தூக்கி எறிஞ்சிடும், அதுல இனிமை எங்க ஒட்டும்?

காச ஸ்விட்ச்சுல போடுங்க. போற வழி வர்ற வழி ரெண்டும் ஒரே நேரம் எடுக்கும்னு நம்பித்தான் அந்த பாதியாக்குற கணக்கே நிக்குது, ஒரு பக்கம் நெரிசல்னா தப்பாயிடும், அதனால கடிகார பாக்கெட்டுக்கு முதல் முன்னுரிமை குடுத்துட்டு, கரண்ட் மிச்சம் பண்ற ஈஈஈ வசதிய மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.