ஸ்பீச் தெரபி போர்டு சரி, பதிவு எண் எங்கே?

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் 'ம்மா' தவிர வேறு சொல் வரவில்லை. பக்கத்துத் தெருவில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், 'ஸ்பீச் தெரபி' என்று போர்டு தொங்கியது. ஏழு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் கூட்டிப் போனேன். படம் போட்ட அட்டையைக் காட்டி, "சொல்லு தங்கம், சொல்லு" என்பார் அந்த அம்மா. அவன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் காது கேட்கிறதா என்று ஒரு நாள்கூட அங்கே யாரும் சோதிக்கவில்லை. கடைசியில் அரசு மருத்துவமனையில் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயரை ஒட்டி, காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தபோதுதான் இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. அந்த ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தவருக்கு இந்தத் துறையில் பட்டமும் இல்லை, பதிவும் இல்லை என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

முதல் நாளே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு, வக்கீல் என்றால் பார் கவுன்சில் பதிவு என்பதெல்லாம் நமக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சி தருபவருக்கும் காது கேட்கும் திறனைச் சோதிப்பவருக்கும் அப்படி ஒரு பதிவு இருக்கிறது, அது இல்லாமல் தொழில் செய்வது குற்றம் என்பதைப் பெரும்பாலான பெற்றோரிடம் யாரும் சொல்வதே இல்லை.

சட்டத்தின் பெயர் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992. அதன்படி அமைந்த கவுன்சிலை எல்லோரும் ஆர்சிஐ என்பார்கள். முதலில் 1986-ல் ஒரு சங்கமாகத் தொடங்கி, 1993 ஜூன் 22 முதல் சட்டப்பூர்வ அமைப்பாக இயங்குகிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் கீழ், மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறையில் வருகிறது. மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் பல தொழில்கள் இதன் கீழ் உண்டு. சட்டம் எழுதியிருக்கும் பட்டியலில் முதலில் வருவதே ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிப்பவர்), ஸ்பீச் தெரபிஸ்ட்தான்.

கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தவர் விண்ணப்பித்தால், மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறும். அப்போது கிடைக்கும் எண்ணைத்தான் சிஆர்ஆர் நம்பர் என்கிறார்கள். இது ஒரே தேசியப் பதிவேடு. சென்னையில் படித்துப் பதிவு செய்தவர் கோவையிலும் செய்யலாம், கொல்கத்தாவிலும் செய்யலாம். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லைசென்ஸ் கொடுக்கிறது. நம் ஊர் சிஆர்ஆர் நம்பரை வைத்துக்கொண்டு அங்கே போய் சிகிச்சை தர முடியாது. அங்கே போக நினைக்கும் மாணவர்கள், போகப் போகும் மாநிலத்தின் விதியை முதலில் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் 13-வது பிரிவு ரொம்பத் தெளிவாகச் சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் பதிவும் இல்லாத ஒருவர் அரசுப் பணியிலோ உள்ளாட்சி நிறுவனத்திலோ இந்தப் பதவியில் இருக்க முடியாது. இந்தியாவில் எங்கேயும் இந்தத் தொழில் செய்யக் கூடாது. 'எங்கேயும்' என்றால் மாடி வீட்டு சென்டரும் அதில் அடக்கம், உங்கள் வீட்டுக்கே வந்து சொல்லித்தருவதும் அடக்கம். சட்டப்படி இந்தத் துறையினர் கையெழுத்திட வேண்டிய சான்றிதழில் கையெழுத்துப் போடவோ, நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்லவோ முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992-ல் எழுதிய தொகை அது. இன்றைக்கு நகரத்தில் ஒரு சில செஷன் கட்டணத்தில் அது போய்விடும். அபராதத்தை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்காக இந்தப் பிரிவு பல்லில்லாத பிரிவு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். சிறைத் தண்டனை வரை அதில் இருக்கிறது.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். குழப்பம் அதிகமாக நடப்பது இங்கேதான். அடிப்படைப் பட்டம் பிஏஎஸ்எல்பி. பிளஸ் டூ முடித்து நான்கு வருடம், அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சிக் காலம். கேட்கும் திறன், பேச்சு இரண்டையும் சேர்த்தே படிக்கிறார்கள். அதற்கு மேல் எம்.எஸ்சி. இரண்டு வருடம். அதில் ஆடியாலஜி தனி, பேச்சு மொழி நோயியல் தனி. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்தத் துறைக்கு நாட்டிலேயே முன்னோடி. போரூர் ராமச்சந்திரா போன்ற இடங்களில் தமிழ்நாட்டிலேயே படிக்கலாம்.

இதோடு ஒரு வருட டிப்ளமோ ஒன்றும் உண்டு, டிஎச்எல்எஸ் என்பார்கள். இதுவும் கவுன்சில் அங்கீகரித்ததுதான். ஆனால் இதை முடித்தவர் உதவியாளர். பட்டம் பெற்றவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியவர். நல்ல உதவியாளர்கள் கிடைப்பது பெரிய விஷயம். என் மகனுக்கு 'ச' உச்சரிப்பை வரவைத்தது அப்படி ஒருவர்தான். ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றும் மேலே இருந்த ஆடியாலஜிஸ்ட் எழுதிக்கொடுத்த திட்டப்படி நடந்தது. உதவியாளரே தனியாக போர்டு மாட்டி, சோதித்து, முடிவு சொல்லி, சிகிச்சையும் தருகிறார் என்றால் அங்கே யோசிக்க வேண்டும். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தச் சான்றிதழுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

"எங்களிடம் ஆர்சிஐ நம்பர் இருக்கிறது" என்ற ஒரு பதிலோடு திருப்திப்பட்டு விடாதீர்கள். சிறப்புப் பள்ளி ஆசிரியர், மனநல உளவியலாளர், செயற்கைக் கால் பொருத்துபவர் எல்லோருக்கும் அதே பதிவேட்டில்தான் எண். ஒவ்வொரு சான்றிதழிலும் எந்தப் பிரிவில், எந்தப் படிப்புக்காகப் பதிவு என்று எழுதியிருக்கும். சிறப்பு ஆசிரியராகப் பதிவு செய்தவர் தன் வேலையில் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் ஸ்பீச் தெரபிஸ்ட் அல்ல. எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். ஏ என்றால் தொழில் வல்லுநர், பி என்றால் உதவி நிலைப் பணியாளர். அடுத்து, காலாவதித் தேதி. பதிவு ஐந்து வருடத்துக்குத்தான். இடையில் தொடர் கல்விப் பயிற்சிகளுக்குப் போய்ப் புள்ளிகள் சேர்த்தால்தான் புதுப்பிக்கலாம். பழைய சான்றிதழே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தால் புதுப்பித்ததைக் காட்டச் சொல்லுங்கள். ஆர்சிஐ இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டுத் தேடலாம். ஐந்து நிமிட வேலை.

கேட்கச் சங்கடமாக இருக்கும், எனக்கும் இருந்தது. இப்போது நான் சொல்வது இப்படி: "மேடம், ஃபைலில் எழுதி வைக்க உங்கள் சிஆர்ஆர் நம்பர் வேண்டும்." முறையாகப் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். சிலருக்கு நம்மைவிடச் சந்தோஷம், ஒரு பெற்றோர் கேட்டாரே என்று. நான்கு வருடம் படித்துவிட்டு, படிக்காதவரோடு ஒரே தெருவில் போட்டி போடுபவர்கள் அவர்கள்.

காது மிஷின் வாங்கும் இடத்திலும் இதே கேள்வி வேண்டும். ஆடியோகிராம் என்ற தாளைப் பார்த்திருப்பீர்கள். கட்டம் போட்ட தாளில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு கேட்கும் திறன் குறைவு. அந்தத் தாளின் அடியில் கையெழுத்தும், பெயரும், பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறும் கடை முத்திரை மட்டும் இருந்தால் அந்தத் தாளை நம்பி மிஷின் வாங்காதீர்கள். சத்தம் வராத அறையில் எடுத்தார்களா என்றும் பாருங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், வாசலில் பஸ் ஹாரன் கேட்க, ஹெட்போனை மாட்டி எடுத்த சோதனை எதற்கும் உதவாது. மிஷினை அந்த ஆடியோகிராமுக்கு ஏற்ப செட்டிங் செய்வது ஆடியாலஜிஸ்ட்டின் வேலை. அதிகமாக வைத்தால் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் பாதிக்கலாம். காதுக்குள் பேஸ்ட் விட்டு அளவெடுத்து, மிஷினைக் காதில் பொருத்தும் மோல்டு செய்பவர்களுக்கும் தனியாகப் பதிவுப் பிரிவு இருக்கிறது. குழந்தை வளர வளர மோல்டு தளர்ந்து 'கீ'யென்று சத்தம் வரும். அப்போது மிஷின் கெட்டுப்போனது என்று நினைக்காமல் மோல்டை மாற்ற வேண்டும்.

இவர்கள் யாரும் காதுக்கு மருந்து எழுதிக்கொடுப்பவர்கள் அல்ல. சீழ், வலி என்றால் இஎன்டி மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

ஆளுக்குப் பதிவு டெல்லியில் உள்ள ஆர்சிஐயில் என்றால், சென்டருக்குப் பதிவு மாநிலத்தில். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சியும் மறுவாழ்வும் தரும், அரசு நடத்தாத நிறுவனம் எதுவும் மாநில அரசின் தகுதியுள்ள அதிகாரியிடம் பதிவுச் சான்று வாங்காமல் நடக்கக் கூடாது. நம் மாநிலத்தில் இது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை சம்பந்தப்பட்டது. உங்கள் ஊர் சென்டருக்குச் சான்று இருக்கிறதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஆக, ஒரு சென்டரில் பார்க்க வேண்டிய தாள்கள் இரண்டு. இடத்துக்கு ஒன்று, உங்கள் குழந்தையோடு உட்காரும் ஆளுக்கு ஒன்று. வரவேற்பில் மாட்டியிருக்கும் பெரிய பட்டம் முதலாளியுடையதாக இருக்கலாம். உள்ளே குழந்தையோடு இருப்பவர் யார் என்பதுதான் கேள்வி.

அதே சட்டத்தில் காது கேளாமைக்கு அளவும் சொல்லியிருக்கிறது. இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைந்தவர், 70-க்கு மேல் என்றால் காது கேளாதவர். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று மருத்துவக் குழு சான்று தந்தால்தான் பல சலுகைகள் கிடைக்கும். அந்தச் சதவீதம் வருவது சோதனை முடிவிலிருந்து. சோதித்தவர் தகுதி இல்லாதவரானால், பிள்ளையை மறுபடி தூக்கிக்கொண்டு முதலிலிருந்து அலைய வேண்டியதுதான்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? ஆர்சிஐக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்க, கவுன்சில் அதிகாரம் கொடுத்த ஒருவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். ஆகவே காவல் நிலையத்தோடு நின்றுவிட்டால் போதாது. கட்டிய பணத்துக்கு ரசீது, அவர்கள் கொடுத்த ரிப்போர்ட், போர்டின் போட்டோ மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நான் ஒரு ரசீதுகூட வாங்கவில்லை. கையில் கொடுத்தேன், கையில் வாங்கினார்கள்.

செலவுக்குப் பயந்து மாடி சென்டருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். டிஇஐசி என்று கேட்டால் வழி சொல்வார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைத்தான் சோதிப்பார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பதுதான் இந்தத் துறையின் கணக்கு.

என் மகனுக்கு மூன்றே கால் வயதில் மிஷின் போட்டார்கள். முதல் நாள் வீட்டுக்கு வந்ததும், குக்கர் விசிலுக்குத் திரும்பிப் பார்த்தான். அதுவரை அடுப்படியிலேயே உட்கார்ந்து விளையாடியும் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை.