கேம் ஆடும்போது மட்டும் எப்படி அசையாம உட்கார்றான்?

பிள்ளைகளின் கவனச் சிக்கல்களைப் பார்க்கிற என்னிடம் இந்தக் கேள்வியை இந்த மாதம் மட்டும் ஐந்து பெற்றோர் கேட்டுவிட்டார்கள். ஐந்தாவது முறை கேட்டபோது பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பையனுக்கு எட்டு வயது. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அப்பா லோரி ஓட்டுநர், குவாந்தானுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை, பென்சில் வாரத்துக்கு நாலு தொலைகிறது, பக்கத்துப் பிள்ளையின் முறைக்குக் காத்திருக்க முடிவதில்லை என்று ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார். பையனின் கெண்டைக்காலில் இரண்டு சிவந்த கோடுகள். ரோத்தான், அதாவது பிரம்பு. (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன், கோடுகளை மாற்றவில்லை. அடித்த தடம் கண்ணில் பட்டால் பதிவு செய்வதும் தொடர்ந்து கவனிப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதி. அது தனியாக நடக்கிறது.)

அப்பா சொன்னார்: "மேடம், போன்ல கேம் ஆடறப்ப மூணு மணி நேரம் அசைய மாட்டான். ஹோம்வொர்க் எடுத்தா பத்து நிமிஷத்துல அஞ்சு தடவ தண்ணி குடிக்கப் போவான். கவனம் இல்லைன்னா கேம்ல மட்டும் எங்கிருந்து வருது? இது கொழுப்பு மேடம்."

தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்றால் கவனமே இல்லை என்று அர்த்தமில்லை. பெயர் வைத்தவர்கள் செய்த குழப்பம் இது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இருக்கிறது. வேண்டிய இடத்தில் அதை நிறுத்தவும், வேண்டாத இடத்திலிருந்து பிடுங்கவும்தான் முடிவதில்லை. கேமில் ஒவ்வொரு நொடியும் படம் மாறுகிறது, சத்தம் வருகிறது, தொட்டவுடன் புள்ளி ஏறுகிறது, தோற்றால் அடுத்த நொடியே மறுபடி தொடங்கலாம். அங்கே பிள்ளை கவனத்தைச் செலுத்த வேண்டியதே இல்லை, கேமே இழுத்து வைத்துக்கொள்கிறது. பெருக்கல் வாய்ப்பாடு யாரையும் இழுக்காது. அதற்கான பலன் நாளை டீச்சர் போடும் ஒரு கையெழுத்து, அல்லது வருடக் கடைசியில் ஒரு மதிப்பெண். அங்கே பிள்ளைதான் உள்ளிருந்து கவனத்தைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தத் தள்ளுகிற சக்தியில்தான் குறை.

அந்த அப்பாவிடம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தேன். "உங்க லோரி ரேடியோவுக்கு ஏரியல் உடைஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க. கே.எல். உள்ளே மின்னல் எஃப்.எம் கேக்குமா?" கேட்கும் என்றார். "காராக் மலை ஏறினா?" கரகரவென்று இழுக்கும், வேறு ஸ்டேஷன் உள்ளே நுழையும் என்றார். "டவுன்ல நல்லாப் பாடுச்சே, மலையில மட்டும் ரேடியோவுக்குக் கொழுப்புன்னு சொல்வீங்களா? ரெண்டு தட்டு தட்டினா ஏரியல் முளைச்சிடுமா?" அவர் பதில் சொல்லவில்லை. பையனைப் பார்த்தார். பையன் என் மேசை டிராயரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

வலுவான சிக்னலில் ரேடியோ பாடுவது ஏரியல் சரியாக இருப்பதற்குச் சாட்சி இல்லை. கேமில் உட்கார்வதும் அப்படித்தான். கேமிலிருந்து எழுப்பினால் கத்துவதும் அதே கதை, இழுத்துப் பிடித்திருப்பதிலிருந்து கவனத்தைப் பிடுங்க அவனால் முடியவில்லை.

2007-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவன ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள். மூளையின் புறணி (வெளி அடுக்கு) ஒரு குறிப்பிட்ட வளர்ச்சிக் கட்டத்தை எட்டும் வயது மற்ற பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஏழரை என்றால், ஏ.டி.எச்.டி உள்ளவர்களுக்குப் பத்தரை. தாமதம் மிக அதிகமாக இருந்தது முன்பகுதியில், அதாவது அடக்கமும் திட்டமிடலும் நடக்கிற இடத்தில். எட்டு வயதுப் பையனிடம் எதிர்பார்ப்பதைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள் என்று நான் சொல்வது செல்லம் கொடுக்க அல்ல.

"வளர்ந்தா சரியாயிடும்" என்பார்கள் பாட்டிமார். ஓட்டம் குறையும், உண்மை. மறதியும் தள்ளிப்போடுவதும் பலருக்குப் பெரியவரான பிறகும் தொடரும். இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. பிள்ளைக்குக் கேள்வித்தாள் நிரப்பும்போதே அம்மாவின் பேனா பாதியில் நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "மேடம், இது எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு." முப்பத்தைந்து வருடம் தன்னைச் சோம்பேறி என்று நம்பிய பெண்கள் அவர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவர்களில் பலர் ஓடுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு இல்லாததால் எந்த ஆசிரியரும் கடிதம் எழுதுவதில்லை. "நல்ல பிள்ளை, கொஞ்சம் மந்தம்" என்ற குறிப்போடு இடைநிலைப்பள்ளிக்குப் போய், மூன்றாம் படிவத்தில் அழுகையோடு என்னிடம் வருகிறார்கள். ஆசிரியர்களே, அமைதியாக இருக்கிற பிள்ளையின் நோட்டையும் ஒருமுறை புரட்டுங்கள்.

சேட்டை செய்யும் எல்லாப் பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது வாழ்க்கையைக் கெடுக்க வேண்டும். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, தூக்கம் போதுமா, இரத்தசோகை உண்டா, வாசிப்பதில் மட்டும் தனிச் சிக்கலா, வீட்டில் சண்டையா என்றெல்லாம் பார்த்த பிறகே முடிவு சொல்வோம். இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையும் இல்லை, மூளை ஸ்கேனும் இல்லை. ஆராய்ச்சியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒப்பிடுவது வேறு, உங்கள் பிள்ளையின் ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது வேறு. "மூளையைப் படம் பிடித்து ஒரே நாளில் சொல்கிறோம், நாலாயிரம் வெள்ளி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். டிக்டாக்கில் பத்துக் கேள்வி பார்த்து நீங்களே பெயர் வைக்கவும் வேண்டாம்.

பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். அருகிலுள்ள அரசு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (சுகாதார நிலையத்துக்கு) போங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் மிகக் குறைவு. தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம், அதனால்தான் இன்றே போங்கள் என்கிறேன். ஓ.கே.யு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) கட்டாயம் இல்லை, விரும்பினால் பதியலாம். கற்றல் சிக்கல் பிரிவில் ஏ.டி.எச்.டியும் வரும். அட்டை எடுத்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று எட்டு வயதுப் பெண் பிள்ளைக்குக் கவலைப்படுகிற வீடுகளும் உண்டு. இப்போது அவளுக்கு வேண்டியது வகுப்பில் உதவி.

மருந்து. ஏ.டி.எச்.டிக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட்டைப் போதைப்பொருள் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அது பல பிள்ளைகளுக்கு நன்றாகவே உதவுகிறது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். அதனால்தான் எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் மருத்துவர் தொடர்ந்து பார்ப்பார். காலை உணவைக் கொடுத்த பிறகு மாத்திரை கொடுங்கள். அண்ணன் மாத்திரையைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள், இணையத்தில் வாங்காதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழ் என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். பத்துமலைக்கு நேர்ந்துகொள்வதை நான் தடுக்கவில்லை, நானும் போகிறவள்தான். மருத்துவரின் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

வீட்டில்? ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். சமையலறையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பத்து நிமிடம் எழுதட்டும், ஐந்து நிமிடம் குதிக்கட்டும், கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று கணக்கு முடித்தவுடன் அங்கேயே பாராட்டுங்கள். "வருசக் கடைசியில சைக்கிள் வாங்கித் தரேன்" என்பது இந்த மூளைக்கு எட்டாத தூரம். இன்று ராத்திரி ஒரு ஸ்டிக்கர், ஐந்து சேர்ந்தால் சனிக்கிழமை நீச்சல், இப்படி. பள்ளியில் முன் வரிசை, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். நோட்டு எடுத்துக் கொடுக்கிற வேலையை அவனுக்கே கொடுங்கள், எழுந்து நடக்க ஒரு காரணம் கிடைக்கும்.

கடைகளில் சிவப்பு, பச்சைக் கைப்பிடியோடு ரோத்தான் இன்னும் தொங்குகிறது. அடித்தால் பிள்ளை உட்கார்வான், மறுக்கவில்லை. பயத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்காது, உங்கள் கையில் இருக்கும். வீட்டில் இருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

முதல் தடவை வரும்போது பள்ளி ரிப்போர்ட் கார்டுகள், முதலாம் ஆண்டிலிருந்து உள்ள நோட்டுகள், வகுப்பாசிரியர் தன் கையால் எழுதிய ஒரு பக்கம், இவற்றோடு வாருங்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வாருங்கள். பிள்ளையைக் காலையில் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள்.