சிக்னல்: கைகாட்டியா, குறிகையா?

லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம், குறி. அதிலிருந்து கிளைத்த சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சிக்னல்' ஆனது. தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. ரயிலுக்குக் கைகாட்டி, இலங்கைச் சாலையில் சமிக்ஞை விளக்கு, மின்னணுவியலில் குறிகை.

யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அறிவிப்புக்கும் சிக்னல் என்றே பெயர். அந்த யூனிக்ஸ் சிக்னல் இவற்றில் எது? கைகாட்டி இல்லை. கைகாட்டியைப் பார்த்து ஓட்டுநர்தான் வண்டியை நிறுத்துவார். யூனிக்ஸில் பார்க்கும் வேலையே கிடையாது. ஓடும் நிரலை நிறுத்தச் சொல்லி விசைப்பலகையில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் 2-ஆம் எண் சிக்னல் போகிறது. நிரல் எந்த வரியில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, அதற்கென எழுதிவைத்த கையாளி என்ற துணை நிரலுக்குள் இழுபட்டுப் போகும்.

அந்த நொடியில் நிரல், நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் 'மாலாக்'கினுள், காலி இடங்களின் பட்டியலைப் பாதி திருத்திய நிலையில் இருந்தால்? ஒரே நேரத்தில் இருவர் திருத்தாமல் காக்கும் பட்டியலின் பூட்டு அதன் கையில். கையாளியும் நினைவகம் கேட்டால் அதே பூட்டுக்காகக் காத்து நிற்கும்; கையாளி முடிந்தால்தான் பூட்டே திறக்கும். அவ்வளவுதான், நிரல் உறைந்துவிடும். கையாளிக்குள் எவற்றை அழைக்கலாம் என்று யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் தரவை நேரே எழுதும் 'ரைட்' உண்டு. 'மாலாக்' இல்லை, வடிவமைத்து அச்சிடும் 'பிரின்ட்எஃப்'பும் இல்லை.

பயன்படாத நினைவகத்தைத் தானே குப்பையாய் அள்ளிக்கொள்ளும் மொழிகளில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றும். இரண்டு எழுத்துச் சரங்களை ஒட்டினாலே அங்கே நினைவகம் செலவாகும். 'நான் எதையும் கேட்கவில்லையே' என்று நிரலர் கைவிரிக்க முடியாது. குப்பை அள்ளி பொருள்களை இடம் மாற்றும் நடுவில் சிக்னல் வந்தால், பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளில் சில பழைய முகவரியைக் காட்டும், சில புதியதை.

அகத்திணையில் 'அல்லகுறி' என்றொரு துறை உண்டு. இயற்கையாய் எழுந்த ஓசையைத் தலைவனின் குறி என்று மயங்கி, தலைவி வெளியே வந்து ஏமாந்து திரும்புவாள். அங்கே குறி பொய், இங்கே குறி மெய்தான். வந்த நேரம்தான் பொல்லாதது.

பெர்ல் மொழி 2002-இல், 5.8 பதிப்பில், வழியை மாற்றியது. பெர்லுக்கு உள்ளே சி மொழியிலுள்ள கையாளி, சிக்னல் வந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு கொடியை ஏற்றிவிட்டு உடனே திரும்பிவிடும். நிரலை ஓட்டும் மொழிப்பொறி ஒரு கட்டளையை முடித்து அடுத்ததற்குப் போகும் இடைவெளியில் கொடியைப் பார்த்து, அப்போதுதான் நிரலர் எழுதிய கையாளியை ஓட்டும். பைத்தானும் ஏறக்குறைய இப்படித்தான். இதற்கு விலையும் உண்டு: சி மொழியில் எழுதிய நீண்ட கணக்கின் நடுவே கண்ட்ரோல்-சியை எத்தனை முறை தட்டினாலும், கணக்கு முடியும்வரை பதில் வராமல் போகலாம்.

'குறுக்கீடு' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தச் சொல், வன்பொருள் செயலியை இடைமறிக்கும் 'இன்டரப்ட்'டுக்குப் போய்விட்டது. சமிக்ஞையிலோ இருவரும் முன்பே பேசிவைத்த சாயல் இருக்கிறது; இங்கே அந்த உடன்பாடு ஏது? ஆகவே யூனிக்ஸ் சிக்னலைக் குறிகை என்றும், அதை வாங்குவதைக் குறிகைக் கையாளி என்றும் எழுதுகிறேன். பெர்லும் பைத்தானும் தள்ளிவைத்துப் பார்க்கும் அந்தக் கொடிக்கு மட்டும் கைகாட்டி என்ற பெயர் தாராளமாகப் பொருந்தும்.