"பின்னால தாரா பறந்தா நல்லா இருக்கும் அண்ணே"

இலங்கை மலையகத்தில், கொத்மலை நீர்த்தேக்கக் கரையில் கல்யாணத்துக்கு முந்திய ஒரு ப்ரீ-ஷூட். மாப்பிள்ளையும் பொண்ணும் கைகோத்து நிற்க, மாப்பிள்ளையின் கூட்டாளி சொன்னதுதான் தலைப்பில் இருப்பது. நான் வாயைத் திறப்பதற்குள் கல்லை எடுத்து வீசிவிட்டான். சேற்றுத் திட்டில் உறங்கிக்கொண்டிருந்த தாராக்கள் சீழ்க்கையடித்தபடி எழும்பின. படம் நன்றாகத்தான் வந்தது. அல்பத்தில் நடுப்பக்கமே கொடுத்தார்கள். அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டுதான் கிளிக் பண்ணினேன்.

இன்றைக்கு வேறு யாராவது அப்படிக் கேட்டால் கமராவைப் பையில் வைத்துவிடுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவை சீழ்க்கைத் தாராக்கள், ஒரு வகைக் காட்டு வாத்து. செம்பழுப்பு உடம்பு, சாம்பல் அலகு, கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். ஆண் பெண் வித்தியாசம் பார்த்தால் தெரியாது. பறக்கும்போது தலை கொஞ்சம் தாழ்ந்து, முதுகு கூனி, கால்கள் வாலுக்குப் பின்னால் நீட்டியிருக்கும். தாழ்நிலக் குளங்களில் நூற்றுக்கணக்கில் பார்க்கலாம். மலை ஏற ஏறக் குறைந்துவிடும். நுவரெலியாவில் 1873இல் கட்டிய கிரகரி வாவிக்குப் போய்விட்டு வந்து "அண்ணே, குட்டி வாத்து எடுத்தேன்" என்று காட்டுகிறவர்களின் போனில் பெரும்பாலும் இருப்பது முக்குளிப்பான். அது வாத்தே இல்லை. கூரான அலகு, வால் இருக்கிற மாதிரியே தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி வேறோர் இடத்தில் எழும்பும். தாராவின் அலகு தட்டையானது.

சீழ்க்கைத் தாரா இரை தேடுவது பெரும்பாலும் இரவில். பகலில் கூட்டமாகக் கரையில் கிடந்து ஓய்வெடுக்கும். தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து வந்து லயத்தில் படுத்திருப்பவரைக் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். என்ன வார்த்தை வரும்? தாராவுக்கு வார்த்தை இல்லை, பறக்கத்தான் தெரியும். ஒரு நாளில் ஒரு கல் என்றால் தாங்கும். விடுமுறை நாளில் வருகிற ஒவ்வொரு வேனுக்கும் ஒரு கல் என்றால்?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. வாத்தினங்கள் இறகு உதிர்க்கும் பருவத்தில் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும். புதிது முளைக்கும் சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அந்த நேரம் பார்த்து நீங்கள் விரட்டினால் அது புல்லுக்குள் ஓடும், இல்லையென்றால் நீரில் அடித்துக்கொண்டு போகும். "பழகின வாத்து, பறக்கவே மாட்டேங்குது" என்று கிட்டப் போகாதீர்கள்.

கிட்டப் போகாமல் எப்படி எடுப்பது? கண் இருந்தால் போதும், கூட்டமே சொல்லித்தரும். நிம்மதியாக இருக்கும் தாரா அலகை முதுகு இறகுக்குள் செருகியிருக்கும். நீங்கள் நெருங்கும்போது முதலில் ஒன்று அலகை உருவிக் கழுத்தை நீட்டும். பிறகு இரண்டு, மூன்று. பாதிக் கூட்டம் கழுத்தை நீட்டிவிட்டால் அடுத்தது பறப்புத்தான். நான் முதல் கழுத்திலேயே நின்றுவிடுவேன். அது திரும்ப அலகைச் செருகினால் இருந்த இடத்திலேயே இருப்பேன், செருகாவிட்டால் பின்வாங்குவேன். இத்தனை மீற்றர் என்று கணக்குச் சொல்ல முடியாது. தூண்டில்காரர்கள் தினம் வருகிற கரையில் கிட்ட விடும், ஆளில்லாத கரையில் தூரத்திலேயே எழும்பிவிடும்.

விடியுமுன் போய்ப் படுத்துக்கொள்வதுதான் சிறந்த வழி. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற பழைய படங்கு ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும். அதைச் சேற்றில் விரித்துக் குப்புறப் படுத்தால் லென்ஸ் நீர்மட்டத்துக்கு வந்துவிடும், உங்கள் உருவமும் சிறுத்துவிடும். அட்டை கடிக்கும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 400 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் நல்லது. தானாகப் பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 வினாடி. பனிமூட்டத்தில் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரை ஸ்டொப்போ ஒரு ஸ்டொப்போ கூட்டி வையுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதைப் போடுங்கள். போன் மட்டும் இருக்கிறதா? பைனாகுலரின் கண்ணாடியில் போனை ஒட்டி எடுக்கலாம், கை கொஞ்சம் பழக வேண்டும்.

மழைக்காலத்தில் நீர்மட்டம் சட்டென ஏறும் என்பதையும் மறக்காதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கிப் படமெடுப்பதை நான் விட்டே விட்டேன்.

இனி என் தவறு. ஒருமுறை கரைப் புல்லுக்குள் கூடு பார்த்தேன், ஒன்பது முட்டை. புல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கி, வெளிச்சம் விழ வைத்து, பத்து நிமிடம் எடுத்தேன். மறுநாள் போனால் ஓடுகள்தான் கிடந்தன. ரோட்டிலிருந்து கூடு வரைக்கும் நான் மிதித்துப் போட்ட புல் நேர்கோடாகப் படுத்திருந்தது. நாயோ கீரியோ, வந்தது எதுவானாலும் வழி போட்டுக் கொடுத்தது நான்தான். அந்தப் படத்தை யாருக்கும் காட்டியதில்லை. கூட்டையும் முட்டையையும் சட்டமும் பாதுகாக்கிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் அது இருக்கிறது. ஆனால் எனக்கு உறைத்தது சட்டம் அல்ல, அந்தப் புல்.

ட்ரோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மேலிருந்து வருகிற எதுவும் தாராவுக்குப் பருந்துதான். குஞ்சோடு இருக்கும் குடும்பத்துக்கு மேல் ட்ரோனை இறக்கினால் குஞ்சுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறும். இடத்தை முகநூலில் குறித்துக் காட்டுவதும் வேண்டாம். இறைச்சிக்குக் கண்ணி வைக்கிறவர்களும் அதே முகநூலைத்தான் பார்க்கிறார்கள்.

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று வலசை வரும் கூட்டம்தான் வேண்டும் என்றால் மலையில் அலையாதீர்கள். சனவரியில் மன்னாருக்கு பஸ் ஏறுங்கள். அங்கே இருக்கிற வங்காலை சரணாலயம், முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் உள்ள இடம். நம் மலையகத்தில் அப்படி அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றும் இல்லை. இங்கே கரையைப் பார்த்துக்கொள்வது கரைக்குப் போகிற ஆள்கள்தான்.

போன மாதம் தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன் போனில் எடுத்ததைக் காட்டினான். தாரா எல்லாம் மிளகு கொட்டின மாதிரி. "தூரமா போச்சு சேர்" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணினோம், 37. ஒன்று மட்டும் கழுத்தை நீட்டியிருந்தது. மற்ற 36-உம் தூக்கம்.