காபியை நிறுத்தினால் தலை ஏன் வலிக்கிறது?

விரத நாளுக்கு மறுநாள் தலைவலி என்று கிளினிக்குக்கு வருகிறவர்கள் உண்டு. "வெறும் வயிற்றோடு இருந்தது, பித்தம் தலைக்கேறிவிட்டது டாக்டர்" என்பார்கள். நேற்று காபி குடித்தீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். விரதத்திலும் காபிக்கு மட்டும் விதிவிலக்கு வைத்துக்கொள்பவர்கள் இந்தத் தலைவலியோடு வருவதில்லை! அறுவை சிகிச்சைக்காக இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மூளை வேலை செய்யச் செய்ய அதில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது மூளைச் செல்களில் தனக்கென்று இருக்கும் ஒட்டுமிடங்களில், அதாவது ஏற்பிகளில், போய் ஒட்டினால் அசதியும் தூக்கமும் வரும். காபியில் இருக்கும் கஃபீன் அந்த இடத்தை முந்திக்கொண்டு அடைத்துக்கொள்கிறது. தினமும் இப்படி அடைபட்டால், மூளை அதற்கு ஈடாக ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று கஃபீன் நின்றதும் அத்தனை ஏற்பிகளும் அடினோசினுக்குத் திறந்து கிடக்கின்றன. மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, தலை வலிக்கிறது. கூடவே சோர்வு, எரிச்சல், வேலையில் மனம் ஒட்டாமை. சிலருக்குக் குமட்டலும், காய்ச்சல் வரப்போவது போன்ற உடம்புவலியும்.

கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் இது தொடங்கும். முதல் இரண்டு நாள்தான் கடுமை. அதிகம் போனால் 9 நாளில் அடங்கிவிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு. தினம் 100 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு ஃபில்டர் காபி குடிப்பவருக்கும் இது வரலாம். அதனால் "எனக்கு மனஉறுதி இல்லை" என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை. காலைக் காபி தரும் சுறுசுறுப்பிலும் ஒரு பங்கு, இரவு முழுக்கக் கஃபீன் இல்லாமல் வந்த மந்தத்தைப் போக்குவதுதான். பழைய கடனை அடைத்துவிட்டு லாபம் வந்ததாக நினைப்பதைப் போல.

எல்லோரும் காபியை விட வேண்டும் என்று நான் சொல்வதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 வரை, இன்ஸ்டன்ட்டில் 50 முதல் 65 வரை, டீயில் 30 முதல் 65 வரை இருக்கும் என்பது அதன் கணக்கு. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீயைத் தள்ளிவைத்தாலே பாதி வேலை முடிந்தது. தைராய்டு மாத்திரையை விழுங்கிய கையோடு காபி டம்ளரை எடுப்பவர்களும் அப்படித்தான்: குறைந்தது அரை மணி நேரமாவது போகட்டும், இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. தூக்கமின்மை, படபடப்பு, பதற்றம், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்தான் உண்மையிலேயே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியவர்கள். கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

நிறுத்துவது என்று முடிவெடுத்தால், ஒரே நாளில் வேண்டாம். முதலில் மாலைக் காபியை விடுங்கள். உடம்பில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மாலைக் காபி நின்று தூக்கம் சீரானாலே காலைத் தேவை தானாகக் குறைகிறது. அப்புறம் டிகாக்‌ஷனில் கை வையுங்கள். கள்ளிச்சொட்டு போல இறங்கும் முதல் டிகாக்‌ஷனை விட்டு, இரண்டாவதற்கு மாறலாம். சிக்கரியில் கஃபீன் கிடையாது என்பதால் சிக்கரி அதிகமுள்ள தூளுக்கும் மாறலாம் (49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது). மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் பெரிய தலைவலி இல்லாமல் முடிந்துவிடும். வீட்டில் காபி கலப்பவருக்கும் இந்தத் திட்டம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் குறைக்க, அவர் பாசத்தோடு ஸ்ட்ராங்காகப் போட்டுக் கொடுத்தால் என்ன பயன்?

உறவினர் வீட்டில் வேண்டாம் என்றால் "எங்க வீட்டுல ஒரு வாய் காபி கூடக் குடிக்க மாட்டீங்களா?" என்று மனத்தாங்கல் வரும். சுக்குமல்லி காபியோ மோரோ நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காபியை விட்டுவிட்டு நாலு டீ குடிப்பது விட்ட கணக்கில் சேராது. சில தலைவலி மாத்திரைகளிலும் கஃபீன் உண்டு, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காபி குடித்தால்தான் வயிறு கழியும் என்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை, காபி பெருங்குடலைத் தூண்டும். சில நாள் மலச்சிக்கல் இருக்கலாம். தண்ணீர், கீரை, பழம் போதும்.

சிகரெட்டை விடுகிறவர்கள் காபியைப் பாதியாக்குவது நல்லது. புகைப்பவர் உடம்பு கஃபீனை வேகமாகக் கழிக்கும்; புகை நின்றதும் அதே அளவு காபி ரத்தத்தில் அதிகம் தேங்கிப் படபடப்பைத் தரும். மனநலத்துக்காக லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் காபியை நிறுத்தவே கூடாது, ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். பத்து நாளைத் தாண்டியும் தலைவலி போகவில்லை, அல்லது திடீரென்று இதுவரை வராத அளவுக்கு வலிக்கிறது, பார்வை மங்குகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் காபி மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.