கையில் காகிதம் வரும்வரை விமானம் ஏறாதீர்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, அமெரிக்கக் குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் எனக்கு இரவு பதினொன்றரைக்கு வாட்ஸப் அழைப்பு. எடுத்தால் பின்னால் விமான நிலைய அறிவிப்புச் சத்தம்.

"மேடம், தோஹாவுல இருக்கேன். அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ஐ-131 அப்ரூவல் வந்ததும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க, நான் ஊர்ல பிரிண்ட் எடுத்துக்கறேன்."

அப்பா ஐசியூவில் கிடக்கும்போது, இன்னும் ஊர் போய்ச் சேராத பிள்ளையிடம், "டாலஸில் விமானம் ஏறிய அன்றே உங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிட்டது" என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். கொஞ்ச நேரம் அறிவிப்புச் சத்தம் மட்டுமே கேட்டது. அப்புறம் மெதுவாக, "ரசீது இருக்கே மேடம்?" என்றார்.

அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்த "ரசீது இருக்கே"வை மாற்றவில்லை. இந்த ஆண்டு அதைக் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான், கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்த் திரும்ப முன்கூட்டியே வாங்க வேண்டிய அனுமதி (அட்வான்ஸ் பரோல், சுருக்கமாக ஏ.பி.) பற்றி எழுதுகிறேன்.

முதலில் இந்த ரசீது விவகாரத்தை முடித்துவிடுவோம். அந்த அனுமதி கேட்டு நீங்கள் ஐ-131 படிவத்தை அனுப்பியதும் அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஒரு காகிதம் அனுப்பும். மேலே பெரிதாக ஐ-797சி என்று இருக்கும். உங்கள் பெயர், ரசீது எண், தேதி எல்லாம் அழகாக அச்சாகியிருக்கும். பார்க்கப் பத்திரம் மாதிரிதான் இருக்கும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "உன் விண்ணப்பம் வந்து சேர்ந்தது." போகலாம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஊருக்குப் போக வெயிட்டிங் லிஸ்ட்டில் டிக்கெட் எடுத்தால், இன்னொருவர் பெர்த்தில் போய்ப் படுத்துக்கொள்வோமா? சார்ட்டில் பெயர் ஏற வேண்டாமா? இங்கே சார்ட் என்பது அட்வான்ஸ் பரோல் அனுமதிக் காகிதம். அது நீங்கள் அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே வழங்கப்பட்டு, உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். கிளம்பிய மறுநாள் அப்ரூவல் வந்தாலும் பயனில்லை. நீங்கள் கிளம்பிய நிமிடமே அந்த ஐ-131 விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும். ஸ்கேன் பண்ணி அனுப்ப என்னிடம் எதுவும் இருக்காது.

பயோமெட்ரிக்ஸ் (கைரேகைப் பதிவு) முடிந்திருந்தாலும் இதேதான். ஆன்லைன் கணக்கில் "தீவிரமாகப் பரிசீலிக்கப்படுகிறது" என்று காட்டினாலும் இதேதான். வேலை அனுமதி அட்டை வந்திருந்தாலும் இதேதான், அந்த அட்டையிலேயே பயண அனுமதியும் சேர்த்து அச்சாகியிருந்தால் தவிர. உங்கள் மைத்துனரின் நண்பர் போய்விட்டுத் திரும்பி வந்தார் என்றால், அவர் எந்த விசாவில் இருந்தார் என்று கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் பேசுங்கள்.

ஏனென்றால் அந்த நண்பர் பெரும்பாலும் எச்-1பி வேலை விசாக்காரர். இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்கும்போது அனுமதியில்லாமல் வெளியேறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்வது பொது விதி. செல்லுபடியாகும் எச்-1, எல்-1 வேலை விசா நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த எச்-4, எல்-2 குடும்பத்தினருக்கும் விலக்கு உண்டு. அவர்கள் அதே நிலையில், செல்லுபடியாகும் விசாவோடு திரும்பினால் ஐ-485க்கு ஆபத்தில்லை. நிலுவையில் இருக்கும் ஐ-131 மட்டும் போகும், ஐ-485 பிழைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருந்து திருமணம் மூலம் விண்ணப்பித்தவருக்கு இந்த விலக்கு கிடையாது. தோஹாவில் இருந்தவர் அந்த வகை. வாட்ஸப் குழுவில் யாரோ எழுதிய "நான் போனேன், ஒண்ணும் ஆகலை"யை நம்பிக் கிளம்பிவிட்டார்.

எச்-1பிகாரர்களும் ரொம்ப நிம்மதியாக இருக்க வேண்டாம். "செல்லுபடியாகும் விசாவோடு" என்பதைத் திரும்பப் படியுங்கள். கடவுச்சீட்டில் ஸ்டாம்பிங் (விசா முத்திரை) 2021லேயே முடிந்துபோய், எச்-1பி நீட்டிப்புக்கு வந்த ஐ-797 அப்ரூவலை மட்டும் வைத்து இங்கே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! 2020 அக்டோபரில் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசைத் தேதி திடீரென்று முன்னேறியபோது அவசர அவசரமாக ஐ-485 போட்டுவிட்டு, அதன் பிறகு ஊர்ப்பக்கமே போகாதவர்கள் என் கோப்புகளிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அவசரமாகப் போனால் சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தூதரக வாசலில் நின்று ஸ்டாம்பிங் வாங்கித்தான் திரும்ப முடியும். 2025 செப்டம்பரிலிருந்து எச்-1பிகாரர்களுக்கு நேரில் பேசாமல் ஆவணங்களை மட்டும் கொடுக்கும் டிராப் பாக்ஸ் வசதி போய்விட்டது, நேர்காணல் கட்டாயம். அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். அப்பாவைப் பார்க்க இரண்டு வாரம் என்று போய், வேலை போகுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் மாமனார் வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க நேரிடலாம். கையில் அட்வான்ஸ் பரோலும் இருந்தால் ஸ்டாம்பிங் இல்லாமலே திரும்பலாம். எச்-1பி இருந்தாலும் ஏ.பி. போட்டு வையுங்கள் என்று நான் கரடியாகக் கத்துவது இதற்காகத்தான்.

(பரோல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள் பதறுவது தனிக்கதை. ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "என் மருமகன் என்ன தப்பு பண்ணினான், ஜெயில்ல இருக்கானா?" இல்லை அம்மா, திரும்பி உள்ளே விடுவதற்கு முன்கூட்டியே வாங்கும் இசைவு, அவ்வளவுதான்.)

சரி, உண்மையிலேயே அவசரம் வந்துவிட்டது, கையில் எதுவும் இல்லை. என்ன செய்வது? வழி இருக்கிறது. இதைத்தான் மக்கள் தெரிந்துகொள்வதே இல்லை. பதினைந்து நாளுக்குள் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு மையத்தை 1-800-375-5283இல் அழைத்து, உள்ளூர் ஃபீல்ட் ஆபீஸில் அவசர அட்வான்ஸ் பரோலுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம். இணையத்திலும் கோரிக்கை வைக்கலாம். இயந்திரக் குரல் உங்களை ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொறுமை போய்விடும். போனை வைத்துவிடாதீர்கள், காத்திருங்கள். மனிதர்கள் இருப்பது திங்கள் முதல் வெள்ளி வரை, கிழக்கு நேரப்படி காலை 8 முதல் இரவு 8 வரை. வெள்ளி இரவு ஊரிலிருந்து போன் வந்தால் திங்கள் காலைவரை கையைப் பிசைந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அந்த இரண்டு நாளில்தான் பலர் பொறுக்க முடியாமல் விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளை ஆவணம் சேர்க்கப் பயன்படுத்துங்கள்.

அப்பாயின்ட்மென்ட் கிடைத்தால் நிரப்பிய ஐ-131, கட்டணம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, ஐ-485 ரசீது, அவசரத்துக்கான ஆதாரம் எல்லாவற்றோடும் போக வேண்டும். அதிகாரி திருப்தியடைந்தால் பெரும்பாலும் அன்றைக்கே புகைப்படம் ஒட்டிய அனுமதிக் காகிதம் கையில் கிடைக்கும். கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்புரிமை. ஐ-131 ஏற்கெனவே நிலுவையில் இருந்து, கிளம்ப இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால் அதற்கு வேறு வழி: சீக்கிரம் பரிசீலிக்கச் சொல்லும் எக்ஸ்பெடைட் கோரிக்கை. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எக்ஸ்பெடைட் போட்டுவிட்டு, நாளை மறுநாள் விமானம் என்று உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. மற்றபடி தங்கை வளைகாப்பு, கிரகப்பிரவேசம், குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம் எல்லாம் ஃபீல்ட் ஆபீஸ் அவசரத்தில் சேராது. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் சேராது.

இப்போது ஆவணம். என் அனுபவத்தில் பாதிக் கோரிக்கைகள் தடுமாறுவது இங்கேதான், அதுவும் குறிப்பாகத் தமிழர்களுக்கு. நியூ ஜெர்சியில் ஒரு பெண். திங்கள் விடியற்காலை அப்பா இறந்துவிட்டார். ஊரில் அண்ணன், "ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம், புதன் காலைவரைக்கும் தாங்கும், நீ வந்தாதான் எடுப்போம்" என்கிறார். அன்றே அழைத்து, செவ்வாய் காலை நேரம் வாங்கிவிட்டோம். எல்லாம் சரி. ஆனால் மருத்துவமனைக் கடிதத்தில் அப்பாவின் பெயர் "கே. முருகேசன்". மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முருகேசன்", தந்தை பெயர் என்ற இடத்தில் "கந்தசாமி முருகேசன்". ஆதாரில் வெறும் "முருகேசன் கே". நமக்கு இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. இனிஷியல் எப்படி வேலை செய்கிறது என்று நம் வீட்டு ஏழு வயசுக் குழந்தைக்குத் தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியாது. அவர் கண்ணில் இவர்கள் மூன்று வேறு மனிதர்கள். நல்லவேளை, அரைப்பக்க விளக்கக் கடிதம் ஒன்று முதல் நாளே தயாராக இருந்தது: கே என்பது கந்தசாமி, அது இறந்தவரின் தந்தை பெயர், தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் கிடையாது. அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். செவ்வாய் மதியம் காகிதம் கிடைத்தது, மாலையே விமானம். ஊர் போய்ச் சேரப் புதன் இரவாகிவிட்டது. எடுக்காமல் காத்திருந்தார்கள்.

மருத்துவமனையிடம் கேட்கும்போது "சீரியஸ்னு ஒரு லெட்டர் குடுங்க" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "நோயாளி கவலைக்கிடம்" என்று ஒரு வரி எழுதி முத்திரை குத்தித் தருவார்கள், தேதிகூட இருக்காது. லெட்டர்ஹெட், தேதி, நோயாளியின் முழுப்பெயர், எந்த நாள் சேர்க்கப்பட்டார், என்ன நோய், நிலைமை எப்படிப் போகும் என்று மருத்துவர் நினைக்கிறார், அவர் கையெழுத்தும் பதிவு எண்ணும். இறப்பு என்றால் பதிவுச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் மருத்துவர் தரும் படிவம் 4ஏ, முதலில் கையில் கிடைப்பது இவைதான். தமிழில் இருக்கும் எதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும், இரு மொழியும் தெரிந்து சரியாகப் பெயர்த்தேன் என்ற மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும்.

இன்னொன்று: வளர்த்தது பெரியப்பாதான், அவரைத்தான் அப்பா என்று கூப்பிடுவேன் என்றால், படிவத்தில் அப்பா என்று எழுதாதீர்கள். பெரியப்பா என்றே விளக்கி, யார் வளர்த்தது என்று சொல்லுங்கள். பாசத்தில் எழுதிய அந்த ஒரு சொல் பின்னால் கிரீன் கார்டு நேர்காணலில் பொய் என்று வந்து நிற்கும்.

விசாக் காலம் கடந்து தங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2012இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் அர்ரபல்லி, யெர்ரபெல்லி என்ற இந்தியத் தம்பதியின் வழக்கில், அட்வான்ஸ் பரோலில் போய் வருவது பத்தாண்டு திரும்பி வர முடியாத தடையைக் கிளப்பும் "வெளியேற்ற"மாகாது என்று தீர்ப்பளித்தது. அவர்களும் வயதான பெற்றோரைப் பார்க்கத்தான் போனார்கள். அதைக் கூகுளில் படித்துவிட்டு நீங்களாகக் கிளம்பாதீர்கள். நாடுகடத்தல் உத்தரவோ, கைது வழக்கோ, பழைய விசா மறுப்போ இருந்தால் கதையே வேறு. ஏ.பி. இருந்தாலும் திரும்பும்போது உள்ளே விடுவது விமான நிலைய அதிகாரியின் முடிவுதான். தனி அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பார்கள், பயப்பட வேண்டாம். இணைப்பு விமானத்தை மட்டும் நெருக்கிப் போடாதீர்கள்.

கட்டணம் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு: முன்பு ஐ-485உடன் ஏ.பி. இலவசமாக வந்தது உண்மை. 2024 ஏப்ரல் 1 முதல் ஐ-485 போட்டவர்களுக்கு ஐ-131க்குத் தனியாக 630 டாலர். "இப்ப ஊருக்குப் போற பிளான் இல்லை, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தவர்கள்தான் எனக்கு நள்ளிரவில் போன் செய்கிறார்கள். பெற்றோருக்கு எழுபது தாண்டிவிட்டால் இதில் யோசிக்கவே வேண்டாம். இருக்கும் ஏ.பி. முடிவதற்கு மாதங்கள் முன்பே புதுப்பிக்க அனுப்புங்கள். கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். இந்தியத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் ஊருக்குப் போக மட்டும்தான், திரும்பி வர உதவாது.

தோஹாக்காரரின் அப்பா இப்போது எழுந்து உட்கார்கிறார், பேச்சுதான் இன்னும் குழறுகிறது. மகன் பக்கத்தில் இருந்து கவனிக்கிறார். மனைவி டாலஸில். மனைவி அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் என்பதால் கதவு முழுக்க மூடவில்லை, மும்பைத் தூதரகம் வழியாக முதலிலிருந்து வர வேண்டும். எப்போது முடியும் என்று வாரம் ஒரு முறை கேட்கிறார். ஐ-485 நிலுவையில் இருக்கிற நீங்கள், இன்று இரவே அப்பா அம்மாவின் ஆதாரையும், உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருந்தால் அதையும் படம் எடுத்து, மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.