இங்கிலாந்தில் பார்க்கிங் அபராதமா? கட்டும் முன் அனுப்பியது யார் என்று பாருங்கள்

இங்கிலாந்தில் கார் ஓட்டும் நம்மவர்களுக்குப் பார்க்கிங் டிக்கெட் வந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சிலர் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அன்றிரவே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், "சும்மா மிரட்டுவார்கள், குப்பையில் போடு" என்று அறைத்தோழர் சொன்னதை நம்பிக் கிழித்துப் போடுகிறார்கள். கட்டவே தேவையில்லாததைக் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். 35 பவுண்டில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக, கடனுக்குப் பொருளைப் பறிமுதல் செய்யும் பெய்லிஃப் வாசலில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். கையில் இருப்பது எந்த வகைக் கடிதம் என்று இரண்டு தரப்புமே பார்க்கவில்லை.

இங்கே பி.சி.என். என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கடிதங்கள் வருகின்றன. ஒன்று, கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு அனுப்பும் பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். லண்டனின் முக்கியச் சாலைகளில் இதை லண்டன் போக்குவரத்து நிர்வாகமான டி.எஃப்.எல். அனுப்பும். 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டத்தின்படி வருவதால் இது சட்டபூர்வமான அபராதம். இன்னொன்று பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். சூப்பர் மார்க்கெட், ஜிம், மருத்துவமனை, ஹோட்டல் வளாகங்களை நடத்தும் தனியார் நிறுவனங்கள் அனுப்புவது. இது அபராதமே அல்ல. 'எங்கள் பலகையில் எழுதியிருந்த ஒப்பந்தத்தை நீங்கள் மீறிவிட்டீர்கள், அதற்கு இவ்வளவு கொடுங்கள்' என்று கேட்கும் பில். எழுத்து, நிறம், ஒட்டும் பிளாஸ்டிக் உறை என்று எல்லாமே கவுன்சில் நோட்டீஸ் போலத் தெரியும். அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. தலைப்பில் 'பெனால்டி' என்று இருக்கிறதா, 'பார்க்கிங்' என்று இருக்கிறதா, கீழே கவுன்சில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுமே குற்ற வழக்கு அல்ல. இரண்டாலும் லைசென்ஸில் பாயின்ட் ஏறாது.

கவுன்சில் கடிதம் என்றால்

லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் பெரும்பாலான ஊர்களில் தொகை 50 அல்லது 70 பவுண்டு. லண்டனில் 2025 ஏப்ரலுக்குப் பிறகு அதிகபட்சம் 160. கண்ணாடியில் ஒட்டிய நோட்டீஸ் என்றால் 14 நாளுக்குள் பாதி கட்டினால் போதும்.

அந்தப் பாதித் தொகைதான் பொறி. கட்டினால் விவகாரம் முடிந்தது என்று பொருள். 'இப்போது கட்டிவிடுவோம், பிறகு எழுதித் திரும்ப வாங்கலாம்' என்று நினைக்காதீர்கள். கட்டியவர் மேல்முறையீடு செய்ய முடியாது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் கட்டாமல், அதே 14 நாளுக்குள் கவுன்சில் இணையதளத்தில் ஆட்சேபம் போடுங்கள். அதை அவர்கள் நிராகரித்தாலும், பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகைச் சலுகையை மறுபடியும் தரும். ஆக, முதல் ஆட்சேபத்தால் பெரிய நஷ்டம் இல்லை. பதினைந்தாம் நாள் போட்டால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

எழுதுவதற்கு முன் கவுன்சில் தளத்தில் பி.சி.என். எண்ணையும் கார் எண்ணையும் போட்டு, வார்டன் எடுத்த படங்களைப் பாருங்கள். பல சமயம் உங்களுக்குச் சாதகமான சாட்சியே அங்கேதான் இருக்கும்: அழிந்துபோன கோடு, மரக்கிளை மறைத்த பலகை, கதவைத் திறந்து சாமான் இறக்கிக்கொண்டிருக்கும் உங்கள் கை. மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றி இறக்கலாம். சாமான் இறக்கத் தடைக்குறி இல்லாத இடத்தில் சாமானும் இறக்கலாம். இது தெரியாமல் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். கட்டணமோ இலவச நேரமோ உள்ள பார்க்கிங் கட்டத்தில் நேரம் முடிந்த பின் 10 நிமிடச் சலுகை 2015 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. மஞ்சள் கோட்டுக்கு அது கிடையாது.

ஆட்சேபத்துக்கு வரும் முதல் பதில் பெரும்பாலும் அச்சில் வார்த்த பதிலாகத்தான் இருக்கும். நீங்கள் பலகை மறைந்திருந்ததைப் பற்றி எழுதியிருப்பீர்கள். பலகைகளைக் கவனிப்பது ஓட்டுநரின் பொறுப்பு என்று அவர்கள் எழுதுவார்கள். உங்கள் படத்தை யாராவது திறந்து பார்த்தார்களா என்றே சந்தேகம் வரும். சோர்ந்து போகாதீர்கள், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அடுத்து காரின் பதிவுபெற்ற உரிமையாளருக்கு நோட்டீஸ் டு ஓனர் வரும். 28 நாளுக்குள் முறையான மறுப்பு எழுதுங்கள். அதற்கு கவுன்சில் 56 நாளுக்குள் பதில் தராவிட்டால் உங்கள் மறுப்பு ஏற்கப்பட்டதாகவே பொருள். நமக்குக் கெடு வைப்பவர்களுக்கும் ஒரு கெடு உண்டு. நாளை எண்ணிக்கொண்டே இருங்கள்.

அதையும் நிராகரித்தால் கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத தீர்ப்பாயம் இருக்கிறது. லண்டனுக்கு லண்டன் டிரிப்யூனல்ஸ், இங்கிலாந்தின் மற்ற பகுதிகளுக்கு டிராஃபிக் பெனால்டி டிரிப்யூனல். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நேரில் போக வேண்டியதும் இல்லை. இந்த இடம் வரை வந்தவர்களில் பலரது விவகாரத்தில், கவுன்சில் வாதாடாமலே கைகழுவிவிடுகிறது. ஆனால் இங்கே தோற்றால் முழுத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும், பாதிச் சலுகை போய்விடும். அதனால் படமோ ரசீதோ கையில் இல்லாமல் வெறும் கோபத்தில் இதுவரை வராதீர்கள்.

பழைய முகவரி என்ற பள்ளம்

நான் பார்த்த கேஸ்களில் மிக அதிகமாகப் பணத்தைத் தின்றது இதுதான். புதிதாக வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஓர் அறை என்று மாறிக்கொண்டே இருக்கிறார்கள். லைசென்ஸில் முகவரியை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். காரின் பதிவுச் சான்றான லாக் புக்கில் முகவரி மாற்றுவது தனி வேலை. அதை வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.வில் தனியாகச் செய்ய வேண்டும், இணையத்தில் இலவசம். செய்யாமல் விட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நோட்டீஸ் டு ஓனர் பழைய வீட்டுக்குப் போகும், அங்கே இருப்பவர் அதை மூலையில் போடுவார். தொகை ஒன்றரை மடங்காகும். நார்த்தாம்ப்டனில் உள்ள டிராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டர் என்ற நீதிமன்றப் பிரிவில் கடனாகப் பதிவாகும். பிறகு பெய்லிஃப், அவருக்கான கட்டணம் தனி. உங்களுக்கு முதல் தகவலே அவர் வாசலில் நிற்கும்போதுதான் கிடைக்கும்.

அப்போதும் வழி இருக்கிறது. பெய்லிஃபிடமோ கவுன்சிலிடமோ மணிக்கணக்கில் போனில் கெஞ்ச வேண்டாம். கவுன்சில் 'எங்கள் கையை விட்டுப் போய்விட்டது' என்பார்கள், பெய்லிஃப் அலுவலகம் 'கவுன்சிலைக் கேளுங்கள்' என்பார்கள். நோட்டீஸ் கைக்கு வரவே இல்லை என்றால் டி.இ.9 என்ற உறுதிமொழிப் படிவத்தையும், காலம் கடந்திருந்தால் கூடவே டி.இ.7ஐயும் நிரப்பி நார்த்தாம்ப்டனுக்கே அனுப்புங்கள். எங்கே குடியிருந்தீர்கள் என்பதற்கு வாடகை ஒப்பந்தத்தை இணையுங்கள். ஏற்றுக்கொண்டால் விவகாரம் முந்தைய கட்டத்துக்குத் திரும்பும். பொய் எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு, அதில் விளையாடக் கூடாது.

தனியார் கடிதம் என்றால்

கேட்கும் தொகை பெரும்பாலும் 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. இங்கே பெரும்பாலும் வார்டன் கிடையாது, நுழைவாயிலில் கேமரா இருக்கும். அது கணக்கிடுவது நீங்கள் நிறுத்தியிருந்த நேரத்தை அல்ல, வாசலில் நுழைந்ததிலிருந்து வெளியேறியது வரை. இடம் தேடிச் சுற்றியதும், வெளியேறும் வரிசையில் காத்திருந்ததும் உங்கள் கணக்கில்தான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், நடுவில் வெளியே போனதைக் கேமரா தவறவிட்டு 'எட்டு மணி நேரம் நின்றது' என்று பில் வரும். இரண்டு ரசீதும், நடுவில் வேறெங்கோ இருந்ததற்கான சாட்சியும் இருந்தால் அடித்துவிடலாம்.

வாடிக்கையாளருக்கு இலவசம் என்று எழுதியிருந்தாலும் நம்பி இறங்கிவிடாதீர்கள். பல ஹோட்டல்களிலும் ஜிம்களிலும் உள்ளே கவுன்டரில் ஒரு சின்ன டேப்லெட் இருக்கும். அதில் கார் எண்ணைப் பதிந்தால்தான் இலவசம். கவுன்டரில் இருப்பவர் அதைச் சொல்ல மாட்டார். கல்யாண வரவேற்புக்கு வந்த விருந்தினர்கள் வரிசையாக இப்படி மாட்டியதுண்டு. அப்படி நடந்தால் முதலில் அந்தக் கடை அல்லது ஹோட்டல் மேலாளரிடம் ரசீதைக் காட்டுங்கள். அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே பெரும்பாலும் ரத்தாகிவிடும். பணம் கட்டி, கார் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்திருந்தால், முறையீட்டில் ரத்து செய்ய வேண்டும் என்று இந்த நிறுவனங்களின் சொந்த விதிமுறையே சொல்கிறது. இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

கடிதம் உரிமையாளர் பெயருக்கு வந்திருந்தால் ஒரு எச்சரிக்கை. 'நான் நிறுத்தினேன்' என்று பதற்றத்தில் எழுதிவிடாதீர்கள். 2012ஆம் ஆண்டின் சட்டப்படி, ஓட்டியவர் யார் என்று தெரியாதபோது உரிமையாளரிடம் பணம் கேட்க சில நிபந்தனைகள் உண்டு. கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராவை வைத்து அனுப்பியிருந்தால், சம்பவம் நடந்து 14 நாளுக்குள் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். தாமதமாக வந்திருந்தால் உரிமையாளரைப் பொறுப்பாக்க முடியாது. 'ஓட்டுநர் நிறுத்தினார்' என்று எழுதினால் இந்த வாய்ப்பு கையில் இருக்கும். நீங்களே ஒப்புக்கொண்டால் போய்விடும்.

28 நாளுக்குள் நிறுவனத்திடம் முறையிடுங்கள். நிராகரித்தால் நிறுவனம் எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து பாப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். பாப்லாவுக்குக் கட்டணம் இல்லை, அது சொல்வது நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்தும், உங்களை அல்ல.

'தனியார் கடிதத்தைக் கண்டுகொள்ள வேண்டாம்' என்ற பழைய அறிவுரை 2015இலேயே செத்துவிட்டது. செம்ஸ்ஃபோர்டில் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தியதற்குக் கேட்ட 85 பவுண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. அதற்காக ஒவ்வொரு கடிதத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை. கடன் வசூல் நிறுவனம் என்ற பெயரில் சிவப்பு எழுத்தில் வருபவர்களுக்கு வீட்டுக்குள் வரவோ பொருளை எடுக்கவோ அதிகாரம் இல்லை, பெய்லிஃப் வேறு. ஆனால் நீதிமன்றத்திலிருந்தே கிளெய்ம் ஃபார்ம் என்ற வழக்குப் படிவம் வந்தால் 14 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். போகாவிட்டால் சி.சி.ஜே. என்ற நீதிமன்றக் கடன் தீர்ப்பு விசாரணை இல்லாமலே உங்கள் மேல் விழலாம். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் கடன் பதிவேட்டில் 6 வருடம் நிற்கும். வீட்டுக் கடன், வாடகை வீடு, ஏன் போன் ஒப்பந்தம்கூடச் சிக்கலாகும். விசா விண்ணப்பமும் இப்படிப்பட்ட தீர்ப்பு உண்டா என்று கேட்கிறது. பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

நம்மவர்கள் வழக்கமாக மாட்டும் இடங்கள்

ஒற்றை மஞ்சள் கோட்டுப் பக்கத்தில் பலகை இல்லையென்றால் தடையில்லை என்று பொருள் அல்ல. கட்டுப்பாட்டு மண்டலம் என்றால் நேரத்தை மண்டலத்தின் நுழைவில் மட்டும் எழுதியிருப்பார்கள். நீங்கள் நாலு தெரு தாண்டி உள்ளே வந்திருப்பீர்கள். ஹைகேட் முருகன் கோவில் இருக்கும் ஆர்ச்வே ரோடு போன்ற சாலைகளில் சிவப்புக் கோடு. இரட்டைச் சிவப்பில் எந்த நேரமும் நிற்கவே கூடாது, பாட்டியைக் கோவில் வாசலில் இறக்கிவிடுவதற்கும்கூட. வெம்பிளியில் ஸ்டேடியத்தில் நிகழ்ச்சி இருக்கும் நாளில் சுற்றியுள்ள தெருக்களின் விதியே மாறும். 'ஈவன்ட் டே' என்ற பலகை இருந்தால் தேதியைப் பார்க்காமல் இறங்காதீர்கள். லண்டனில் நடைபாதையில் ஒரு சக்கரம் ஏறினாலும் டிக்கெட்தான், அனுமதிக்கும் பலகை இருந்தாலொழிய. ஞாயிறும் அரசு விடுமுறையும் எல்லா இடத்திலும் இலவசம் அல்ல.

செயலியில் பணம் கட்டுபவர்கள், போன மாதம் ஓட்டிய காரின் எண்ணே இன்னும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருக்கும், டிக்கெட்டும் வரும். மெஷினில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யவே வேண்டாம். மோசடிக்காரர்கள் மேலே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். செயலியை நீங்களே இறக்கி, பலகையில் உள்ள இட எண்ணை அடியுங்கள். 'உங்கள் பார்க்கிங் அபராதம் இன்றோடு முடிகிறது' என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தியும் அதே வகைதான். அழித்துவிடுங்கள்.

சுற்றுலா வந்து வாடகைக் கார் எடுப்பவர்கள், ஊருக்குத் திரும்பிவிட்டால் யார் தேடி வருவார்கள் என்று நினைக்கிறார்கள். தேட வேண்டியதில்லை, உங்கள் கார்டு அவர்களிடம் இருக்கிறது. கடிதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும். ஒன்று, உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு அதற்கு ஒரு நிர்வாகக் கட்டணம் எடுப்பார்கள். அல்லது அபராதத்தைத் தாங்களே கட்டிவிட்டு இரண்டையும் சேர்த்து எடுப்பார்கள், அப்போது முறையிட ஒன்றும் மிச்சமிருக்காது. கண்ணாடியில் நோட்டீஸ் இருந்தால் அன்றே நீங்களே கட்டுங்கள் அல்லது ஆட்சேபம் போடுங்கள். கட்டினால் ரசீதை வாடகை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் அதே டிக்கெட்டுக்கு இரண்டு முறை பணம் போகும். இரண்டாவதைத் திரும்ப வாங்க வாடகை நிறுவனமும் கவுன்சிலும் உங்களை மாற்றி மாற்றி அலையவிடுவார்கள், அதுவும் நீங்கள் சென்னையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் அலுவலக நேரத்துக்குப் போன் செய்ய வேண்டும்.